நாமக்கல் டேங்கர் லாரி உரிமையாளர்களுக்கு ஓர் ஓட்டுநரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர் பெருமக்களுக்கு வணக்கம்.

மோகனூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். 1999இல் கிளீனராக லாரியில் ஏறி, பிறகு கனரக உரிமம் பெற்று, கடந்த 14 ஆண்டுகளாகச் சமையல் எரிவாயு டேங்கர் ஓட்டி வருகிறேன். மங்களூருவிலும் கொச்சியிலும் எண்ணூரிலும் லோடு ஏற்றி, சிலிண்டரில் நிரப்பும் பிளாண்ட்டுகளில் கொண்டுவந்து இறக்குவதே என் பிழைப்பு. நான் கேட்க வந்தது ஒன்றுதான். பிளாண்ட் வாசலில் வண்டி நிற்கும் நேரத்துக்கும் ஓட்டுநருக்குப் படி தர வேண்டும். அந்தக் கணக்கு, ஒவ்வொரு பயணத்துக்கும் போடும் நடைச்சீட்டில் எழுத்தில் இருக்க வேண்டும்.

கடந்த சித்திரையில் நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் பிளாண்ட் வாசலில் டோக்கன் வாங்கினேன். உள்ளே டேங்கில் இடமில்லை என்றார்கள். எனக்கு முன்னால் முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் நின்றன. சனிக்கிழமை மாலைதான் என் வண்டி இறங்கியது. மற்ற லாரி ஓட்டுநர்கள் வண்டியை ஓரம்கட்டி, அடுப்பைப் பற்றவைத்து, ரசமும் சோறும் வைத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம். முதுகுக்குப் பின்னால் 18 டன் எரிவாயுவை வைத்துக்கொண்டு நாங்கள் தீக்குச்சி கிழிக்க முடியாது என்பதால், மூன்று வேளையும் கடையில்தான் வாங்கியாக வேண்டும். கேபின் மத்தியானத்தில் உட்கார முடியாத அளவுக்குக் கொதிக்கும். வண்டிக்கு அடியில், டயர் நிழலில் சாக்கை விரித்துப் படுத்தால், வரிசை நகரும்போதெல்லாம் எழுந்து வண்டியை இருபதடி முன்னே எடுத்து நிறுத்த வேண்டும். பேருந்து ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் லோடு வண்டியை விட்டு நகரக் கூடாது, நகரவும் மாட்டோம். அந்த இரண்டரை நாளில் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் என் கைக்காசு 700 ரூபாய் போயிற்று. கணக்கு முடித்த அன்று அலுவலகத்தில் கேட்டபோது, “வண்டி ஓடலையேப்பா, நின்னதுக்கு என்ன காசு?” என்றார் கணக்கு பார்ப்பவர். நடைக்குப் பேசிய தொகையோடு ஒரு ரூபாயும் கூடவில்லை.

அவர் கெட்டவர் அல்லர். ஊரில் எல்லோரும் கணக்குப் போடும் முறையைத்தான் அவரும் சொன்னார். அந்த முறைதான் தவறு என்கிறேன். வண்டி நின்றாலும் அதன் பொறுப்பு என்னிடமே இருக்கிறது. வால்வு கசிகிறதா என்று இரவில் இரண்டு முறை இறங்கிப் பார்ப்பவன் நான். பக்கத்தில் எவனாவது பீடி பற்றவைத்தால் ஓடிப்போய்த் தடுப்பவனும் நானே. ஒரு லிட்டர் திரவம் கசிந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும் என்பதும், அது காற்றைவிடக் கனமாக இருப்பதால் சாக்கடையிலும் பள்ளத்திலும் போய்த் தேங்கும் என்பதும் பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டவை. 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் சாலாவில் டேங்கர் கவிழ்ந்து, எரிந்து, உயிர்கள் போனதை இந்தத் தொழிலில் யாரும் மறக்கவில்லை. 2025 சனவரி 3 அதிகாலையில் நம் கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் 18 டன்னோடு ஒரு டேங்கர் கவிழ்ந்தபோது, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டியதாயிற்று. அந்த விபத்துகளுக்கு எது காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நிற்கும் நாளுக்குக் காசில்லாத ஓட்டுநர் இழந்ததை எங்கே ஈடுகட்டுவார் என்பதை மட்டும் நீங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். அவர் அதைத் தூக்கத்தில்தான் ஈடுகட்டுவார். மூன்று நடை போக வேண்டிய மாதத்தில் இரண்டுதான் முடிந்தது என்றால், அடுத்த நடையில் கர்நாடகத்துச் சிராடி மலைப்பாதையையும் தொப்பூர் கணவாயையும் ஒரே மூச்சில் கடக்கத்தான் அவருக்குத் தோன்றும். முழுக்க நிரப்பாத டேங்கில் திரவம் அலையடித்து, பிரேக் பிடிக்கும்போது வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும்; அதைக் கால் உணர வேண்டுமானால் கண் விழித்திருக்க வேண்டும்.

நல்ல ஓட்டுநர் கிடைப்பதில்லை என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனெனில் அது உண்மை. உங்களில் பலரும் கிளீனராக ஏறி, ஸ்டியரிங் பிடித்து, வட்டிக்குக் கடன் வாங்கி முதல் வண்டியை எடுத்தவர்கள். மழை பொய்த்த மேட்டாங்காட்டை நம்பிப் பயனில்லை என்று லாரிக்கு வந்த தலைமுறைதான் நாமக்கல்லை இந்த அளவுக்கு உயர்த்தியது. அந்தப் படிக்கட்டில் இப்போது முதல் படியே இல்லை. செலவைக் குறைக்கக் கிளீனரை எடுத்துவிட்டோம். கிளீனர் இல்லாத வண்டியில் அடுத்த ஓட்டுநர் எங்கே பழகுவார்? அபாயகரச் சரக்கு ஓட்ட உரிமத்தில் தனிப் பதிவு வேண்டும். அதற்குப் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். இத்தனையும் சொந்தச் செலவில் செய்துவிட்டு ஒரு பையன் வேலை கேட்டு வந்தால், சம்பளம் எவ்வளவு என்பதை டீக்கடையில் வாய்ச்சொல்லாகத்தான் தெரிந்துகொள்கிறான். என் அக்கா மகன் அப்படி இரண்டு இடத்தில் கேட்டுவிட்டு, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, வளைகுடா நாட்டு எண்ணெய் வயலில் தண்ணீர் டேங்கர் ஓட்டப் போய்விட்டான். வேலை நேரமும் சம்பளமும் எழுதிய தாள் ஒன்று கையில் இருக்கிறது என்பதுதான் அவன் சொன்ன காரணம்.

சட்டம் இதில் ஊமையாக இருந்ததில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்றது. ஆனால் 5 தொழிலாளருக்குக் குறைவாக உள்ள இடங்களுக்கு அது தானாகப் பொருந்தவில்லை. நம் ஊரில் இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவர்களே மிகுதி. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை நடப்புக்குக் கொண்டுவந்தபோது, எல்லாத் தொழிலாளருக்கும் நியமன ஆணை கட்டாயம் என்று மத்திய அரசு அறிவித்தது. என் கையில் இன்னும் அப்படி ஒரு தாள் இல்லை.

எண்ணெய் நிறுவனங்கள் காத்திருப்புக்கு உங்களுக்குக் காசு தருவதில்லை, போய்வரும் கிலோமீட்டருக்கும் டன்னுக்கும்தான் வாடகை வருகிறது என்பீர்கள். அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. வண்டி நிற்கும் நாளில் உங்கள் தவணையும் நிற்பதில்லை. ஆனால் 2025 மார்ச் இறுதியில் புதிய ஒப்பந்த நிபந்தனைகளை எதிர்த்து நீங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நாங்களும் உங்களோடு சாவியைக் கழற்றி வைத்துவிட்டு நின்றோம். மாற்று ஓட்டுநரோ உதவியாளரோ இல்லாவிட்டால் அபராதம் என்ற நிபந்தனை உங்களைச் சுட்டது. வண்டியில் இன்னொரு ஆள் வேண்டும் என்பது எங்கள் பல நாள் ஆசை. அந்த ஆளுக்கான கூலியை வாடகையில் சேர்த்துத் தாருங்கள் என்று நிறுவனங்களிடம் கேட்டிருந்தால் உங்களுக்கும் எங்களுக்கும் நல்லதாக இருந்திருக்கும். அப்போது என்னையோ என்னுடன் வரிசையில் நிற்பவர்களையோ யாரும் அழைத்துக் கேட்கவில்லை. அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது ஓட்டுநர் இருவரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டாத ஒன்றும் உண்டு. வண்டி வாசலுக்கு வந்த நேரமும் இறக்கிவிட்டு வெளியேறிய நேரமும் பிளாண்ட் சீட்டில் ஏற்கெனவே பதிவாகின்றன. புதிதாக எந்தக் கணக்கும் தேவையில்லை. நடைச்சீட்டில் காத்திருப்பு என்று ஒரு பத்தி சேர்த்து அச்சிடுங்கள். முதல் 12 மணி நேரத்தை நடைக்கூலியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கு மேல் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும், ஓடும் நாளுக்குத் தரும் அதே படியை எழுதித் தாருங்கள். நாமக்கல் அச்சகங்களில் சீட்டுப் புத்தகம் இரண்டே நாளில் கிடைத்துவிடும். வருகிற ஒன்றாம் தேதிக் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
மோகனூர்ப் பகுதி டேங்கர் லாரி ஓட்டுநர் ஒருவர்