எடைக்குப் போட வேண்டாம்

வின்ட்ஸர், ஒன்டாரியோ

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். உங்கள் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. மாசிக்குள் பட்டறையைக் காலி செய்து கொடுப்பதாக இடத்துக்காரரிடம் சொல்லிவிட்டீர்களாம். முட்டி வலியை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் காருக்கு அடியில் படுப்பீர்கள், சரிதான். ஆனால் அடுத்த வரியிலேயே, உள்ளே கிடக்கும் சாமான் முழுவதையும் காயலான் கடைக்குக் கிலோ 28 ரூபாய் என்று பேசி முடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும்தான் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் உங்களுக்குக் காது எட்டாது. வள்ளி நடுவில் நின்று பாதியைத்தான் சொல்லுவாள். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பிவிடுகிறேன், தாள் பின்னால் தபாலில் வரும். சேகர் அண்ணனும் படிக்கட்டும்.

எடைக்குப் போட வேண்டாம் அப்பா. ஏன் என்று சொல்கிறேன்.

நான் இங்கே கிடைக்கிற நேரத்தில் பழைய கார் சாமானில் வீட்டு அலங்காரப் பொருள் செய்து விற்கிறேன். சிரிக்காதீர்கள். பிரேக் டிஸ்க்கில் சுவர்க் கடிகாரம், கேம்ஷாஃப்டில் மெழுகுவத்தித் தாங்கி, பிஸ்டனில் பேனா வைக்கும் குவளை, டைமிங் செயினில் ஜாடிக்கு அடியில் வைக்கும் வளையம். இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று அம்மா கேட்பாள். வாங்குகிறார்கள். இந்த ஊரே கார் செய்து பிழைத்த ஊர். ஃபோர்டின் கனடா கம்பெனி 1904-இல் தொடங்கியது இங்கேதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெட்ராய்ட். இரண்டையும் சேர்க்கிற பாலம் 1929-இல் திறந்தது, அதன் பெயர் அம்பாசடர்! முதல் தடவை பலகையைப் படித்தபோது உங்களைத்தான் நினைத்தேன். தாத்தா வேலை பார்த்த காரின் ஒரு துண்டாவது கூடத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிற பேரப்பிள்ளைகள் இங்கே வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள் போல.

சாமானுக்கு ஊருக்கு வெளியே ஒரு பழைய கார் யார்டு இருக்கிறது. நுழைவுக்கு இரண்டு மூன்று டாலர். ஸ்பேனர் செட்டை நாமே கொண்டுபோய், நாமே கழற்றி எடுத்து வர வேண்டும். டயர் இல்லாத கார்களை, இரண்டு ரிம்மைச் சேர்த்து வெல்டிங் வைத்த முக்காலி மேல் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஆயில், பெட்ரோல், ஏசி வாயு எல்லாவற்றையும் முதலிலேயே இறக்கிவிடுகிறார்கள். சைலன்சர்க் குழாயில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிஸ்டையும் வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள், அதற்குள் பிளாட்டினமும் பல்லேடியமும் இருக்கிறதே. மற்றதெல்லாம் நம்முடையது. எஞ்சின் கல்லு மாதிரி இருக்கும், அடித்தளம் மட்டும் பொத்தல். பனிக்காக ரோட்டில் கொட்டுகிற உப்பு செய்கிற வேலை அது. ஒவ்வொரு போல்டும் துருவில் பிடித்துக்கொண்டு கிடக்கும். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி, கொஞ்சம் இறுக்கி, அப்புறம் தளர்த்தினால் வந்துவிடுகிறது. என்னோடு வருகிற குஜராத்திப் பையனுக்கு அது மந்திரம்.

கழுவுகிற விஷயத்தில்தான் இங்கே வேறு பழக்கம் வேண்டியிருக்கிறது. நம் பட்டறையில் எதையும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டுவிடுவோம், அம்பாசடர் பிளாக், ஹெட்டு இரண்டும் வார்ப்பிரும்பு, ஒன்றும் ஆகாது. இங்கே வருகிற எஞ்சின் பாதிக்கு மேல் அலுமினியம். காஸ்டிக்கில் போட்டால் நுரைத்துக் கரைந்தே போகும். அதனால் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும்தான். துருப்பிடித்த இரும்பை வினிகரில் ஊறவைத்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே காய வைத்து லாக்கர் பூச்சு அடித்துவிடுகிறேன். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் டிஸ்க்கில் மறுபடி மஞ்சள் பூத்துவிடும்.

கடிகாரம் செய்வது லேசு, மாட்டுவதுதான் பாடு. டிஸ்க்கின் நடுத்துளை பெரியது, அதை மூடத் தகடு வெட்டி, தகட்டில் கடிகார மெஷினை வைக்க வேண்டும். ஒரு டிஸ்க் ஏழெட்டுக் கிலோ. இங்கே சுவர் செங்கல் இல்லை, ஜிப்சம் அட்டை. அதில் ஆணி அடித்து மாட்டினால் சுவரோடு பெயர்ந்து வரும். அட்டைக்குப் பின்னால் 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் நிற்கும், காந்தத்தை வைத்துத் தடவி அதன் திருகாணியைக் கண்டுபிடித்து அங்கே மாட்டச் சொல்லி, வாங்குகிறவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறேன். கிராங்க் ஷாஃப்டில் மேசை விளக்கு செய்யத்தான் எனக்கு ஆசை. ஆனால் ஒன்டாரியோவில் மின்சாரப் பொருள் எதை விற்றாலும் அங்கீகார முத்திரை வேண்டும். அதனால் மெழுகுவத்தியோடு நிறுத்திக்கொண்டேன்.

வேலை நடப்பது பக்கத்து வீட்டுக் கிழவரின் ஷெட்டில். இத்தாலிக்காரர். இவரைப் பற்றிப் போன தடவை வள்ளியிடம் சொன்னேன், நம்பவில்லை. குளிர்காலம் வருமுன் தன் அத்திமரத்தின் ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தை அப்படியே சாய்த்து, குழி தோண்டிப் புதைத்து, மேலே பலகையும் மண்ணும் போட்டுவிடுவார். சித்திரை வாக்கில் தோண்டி நிமிர்த்துவார், அது காய்க்கும்! விடியுமுன் எழுந்து என் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டு, அப்புறம் நாள் முழுக்க என்னைச் சோம்பேறி என்று திட்டுவார். ஷெட்டுக்கு வாடகை வாங்க மாட்டேன் என்கிறார். நான் ரசம் வைத்துக் கொடுக்கிறேன், மிளகுக்கு இருமிக்கொண்டே குடிக்கிறார்.

அவர் கார் கம்பெனியில் பெயின்ட் பிரிவில் வேலை பார்த்தவர். போன மாதம் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். வரிவரியாக நீலம், சிவப்பு, பச்சை ஓடுகிற கற்கள். கல் இல்லை அப்பா, பெயின்ட். அந்தக் காலத்தில் காருக்குக் கையால்தானே ஸ்ப்ரே அடிப்பார்கள். சிதறுகிற பெயின்ட் தாங்கிகள் மேல் படியும். அது காரோடு சேர்ந்து ஓவனுக்குள் போய் வெந்து வரும், அதன் மேல் அடுத்த காரின் நிறம். நூற்றுக்கணக்கான பூச்சு ஏறி இறுகியதை உடைத்தெடுத்து, அறுத்து மெருகு போட்டால் இப்படி. ஃபோர்டைட் என்று பெயர் வைத்து நகைக்கடையில் விற்கிறார்கள். இப்போது மின்சாரம் ஏற்றிப் பெயின்ட் அடிப்பதால் சிதறலே குறைவு, புதிதாக அந்தக் கல் கிடைக்காது. எனக்கு ஒரு துண்டு கொடுத்தார். வள்ளிக்குச் சங்கிலியில் கோக்கிற டாலராகச் செய்யலாம் என்று பார்த்தேன். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், கைக்குழந்தைக்காரி கழுத்தில் வேண்டாம் என்று ஒரு கடிகாரத்தில் 12 மணி இடத்தில் பதித்தேன். அது 140 டாலருக்குப் போனது.

குளிரைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். நான் இருப்பது வீட்டின் கீழ்த்தளம், மண்ணுக்குள் இருப்பதால் இதமாகத்தான் இருக்கிறது. கம்பெனியில் ஷிஃப்டைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். நல்லதாகப் போயிற்று, ஓய்வு கிடைக்கிறது. ராத்திரிக்குப் பெரும்பாலும் கஞ்சியும் ஊறுகாயும், வயிற்றுக்கு அதுதான் ஒத்துக்கொள்கிறது. இந்த மாதம் பணம் வர நாலைந்து நாள் முன்பின் ஆனால் பதற வேண்டாம், இங்கே வங்கியில் ஏதோ மாற்றம்.

போன சனிக்கிழமை பழைய லாரி கியர்பாக்ஸ் ஒன்றைத் திறந்தேன். மூடியை எடுத்ததும் அந்தக் கியர் ஆயில் நாற்றம், கந்தகம் கலந்தது. உங்கள் காக்கிச் சட்டையை அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு தனி வாளியில் ஊறப்போடுவாளே, அதே நாற்றம். கையைத் துடைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்று வேலை ஓடவில்லை. இங்கே யாரும் என்னை ராசு மெக்கானிக் மகன் என்று கூப்பிடுவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் காரைக்குடிக்குப் பழசின் விலை தெரியாதா? முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டியார் வீட்டு நிலையையும் தூணையும் எனாமல் தூக்குவாளியையும் எங்கிருந்தெல்லாம் வந்து வாங்கிப் போகிறார்கள். கானாடுகாத்தானில் பழைய வீடுகளை ஹோட்டல் ஆக்கியிருக்கிறார்கள், அவர்கள் கேட்பதும் இந்த மாதிரிச் சாமான்தான். அம்பாசடர் 2014-இல் நின்றுபோனது, இனி வரப்போவதில்லை. அதனால் இதையெல்லாம் தனியே எடுத்து வையுங்கள்: மூன்று பேரிங் வைத்த அந்தக் கிராங்க் ஷாஃப்டுகள், பழைய கிரில் இரண்டு, ஹெட்லைட் வளையங்கள், பரண் மேல் சாக்கில் இருக்கும் வீல் கப்புகள், ஃபியட் ஸ்டீயரிங், பல் உடையாத கியர்கள். குரோம் இருப்பதை எம்ரி பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று சேகர் அண்ணனிடம் சொல்லுங்கள், மண்ணெண்ணெய் தொட்ட துணி போதும். பழைய பிரேக் ஷூவை மட்டும் ஊதித் தட்ட வேண்டாம், அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. டிரம்மை ஈரத்துணியால் துடைத்தால் போதும். மற்ற இரும்பு எடைக்கே போகட்டும். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டு வந்தால் ஒரே நடையில் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். அம்மா திட்டுவாள், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். லேத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அதற்கு யாராவது கேட்டால் எனக்குச் சொல்லாமல் விலை பேச வேண்டாம்.

அம்மாவின் கண்புரை ஆபரேஷனை வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். மதுரைக்கு வள்ளி போக முடியாது என்றால் தேவகோட்டை அத்தையைக் கூப்பிடுங்கள், மாமாவோடு உள்ள மனத்தாங்கலை அதில் கலக்க வேண்டாம். வள்ளி பிள்ளைக்குக் குன்றக்குடியில் மொட்டை என்றீர்களே, யார் மடியில் வைத்துப் போடுவதாக முடிவு?

பெரியப்பா நிலத்தை விற்கிற விஷயம். நான் இங்கிருந்து பவர் பத்திரம் எழுதித் தர வேண்டுமானால், டொரன்டோவில் இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்று வாங்க வேண்டும். இங்கிருந்து 370 கிலோமீட்டர். லீவு பார்த்துப் போய் வருகிறேன். பத்திரம் உங்கள் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும், அதைப் பெரியப்பாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். சர்வே எண்ணை மாப்பிள்ளை ஒரு முறை சரிபார்த்து அனுப்பட்டும், போன தடவை கிணற்றடித் துண்டு விட்டுப்போயிருந்தது. விற்ற பணத்தில் என் பங்கை உடனே அனுப்ப வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஆனால் பெரியப்பா கேட்டால், அவனுக்கு எதற்கு, அவன் கனடாவில் இருக்கிறான் என்று மட்டும் நீங்களாகச் சொல்லிவிட வேண்டாம்.

இப்படிக்கு
அன்பு மகன்,
செந்தில்