பெரிய டயரும் பொய் சொல்லும் மீட்டரும்

அன்புள்ள மணி,

கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மறுபடி வண்டி ஓட்டுகிறாய் என்பதில் சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். மகள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். என் பிக்கப் சாவியை இப்போது நான்தான் அவளிடம் கேட்டு வாங்குகிறேன்.

சரி, உன் புலம்பலுக்கு வருகிறேன். 30 அங்குல டயரைக் கழற்றி 33 போட்டதும், லிட்டருக்கு 12 கொடுத்த வண்டி 10தான் கொடுக்கிறது என்கிறாய். அவசரப்பட்டு மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதே. தூரம் காட்டும் மீட்டர் எண்ணுவது சக்கரத்தின் சுற்றுகளை. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று அதற்குத் தெரிந்தது பழைய டயரின் கணக்குதான். புது டயர் பத்தில் ஒரு பங்கு பெரிது, அதனால் அது 500 கிலோமீட்டர் காட்டினால் நீ ஓடியது 550. ஊற்றிய 50 லிட்டரால் வகுத்துப் பார், 11 வரும். பாதி நஷ்டம் வெறும் கணக்குப் பிழை.

மீதியில் உன் காலுக்கும் பங்குண்டு. வேகமுள்ளும் அதே பொய்யைத்தான் சொல்கிறது. டயர் மாற்றிய புதிதில் நான் போனை டேஷ்போர்டில் வைத்து ஜிபிஎஸ் பார்த்தேன். முள் 100-இல், போனில் 110! கால் தானாகவே ஆக்சிலரேட்டரை விட்டு எழுந்தது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். இந்தப் பத்துக்கே 21 சதவீதம் கூடுதல். பழைய வேகத்தில்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே டீசலைக் கொட்டியிருக்கிறேன்.

வண்டியை உயர்த்த நீ போட்ட லிஃப்ட் கிட்டும் சும்மா இருக்காது. வண்டி உயர்ந்தால் அடியில் கூடுதல் காற்று புகுந்து அச்சிலும் குழாய்களிலும் மோதும். இரும்பு பம்பரின் எடை நெடுஞ்சாலையில் அவ்வளவு தெரியாது, நின்று நின்று போகும்போதுதான் உறைக்கும்.

அப்புறம், பிக்கப் தொட்டியின் பின்கதவை இறக்கிவிட்டு ஓட்டினால் மிச்சமாகும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம். கதவு மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கும், மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிப் போய்விடும். இறக்கினால் பெரும்பாலும் அது கலைந்து எதிர்ப்பு கூடத்தான் செய்யும். விலை உயர்ந்த ஏர் ஃபில்டரும் மைலேஜுக்காக வாங்காதே.

வண்டி ஏற்றத்தில் திணறினால் அச்சின் கியர் விகிதத்தைப் பார், அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற, அச்சுக்கு வரும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று. 3.73 என்றால், 4.10-க்கு மாற்றினாலே பழைய இழுவை திரும்பும். செலவு உண்டு, அதனால் முதலில் மீட்டரைச் சரிசெய்து இரண்டு டேங்க் ஓட்டிவிட்டு எழுது. அந்த ரூஃப் ரேக்கை மட்டும் இன்றே கழற்று. அதில் நீ எதையும் ஏற்றி நான் பார்த்ததே இல்லை.

உன்,
சேகர்