டேப்பட் கவர் பேக்கிங் வேலை பற்றி: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

டேப்பட் கவர் என்பது எஞ்சினின் மேல்மூடி; ஆயில் கசியாமல் அதன் அடியில் வைக்கும் ரப்பர்தான் பேக்கிங். கிருஷ்ணகிரியில் நம் பட்டறையில் செய்த இந்த வேலையைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். "பேக்கிங் மாற்றி இருபது நாளில் மறுபடி ஆயில் வடியுது, லோக்கல் பேக்கிங் போட்டு ஒரிஜினல் காசு வாங்கிட்டாங்க" என்கிறார்கள். மறுபடி கசிந்தது உண்மை. அதற்கு வருந்துகிறோம், காசு வாங்காமல் சரிசெய்தும் கொடுத்துவிட்டோம். ஆனால் லோக்கல் பேக்கிங் என்பது பொய். கழற்றிய பழைய பேக்கிங்கையும் புதியதன் அட்டைப்பெட்டியையும் உங்கள் கையில் கொடுத்த பிறகுதான் பில் போடுகிறோம். பெட்டியில் இருக்கும் பார்ட் நம்பரே பில்லிலும் இருக்கும், ஒத்துப் பாருங்கள். பழையதை வளைத்தும் பாருங்கள்: ரப்பராக இருந்தது சூட்டில் விறைத்து, பட்டென்று ஒடியும்.

அந்த வண்டியில் கசிந்ததற்குக் காரணம் பிசிவி வால்வு, அதாவது எஞ்சினுக்குள் சேரும் புகையை வெளியேற்றும் சின்ன வால்வு. அது கசடு பிடித்து அடைத்தால், பிஸ்டன் ஓரமாகக் கீழே இறங்கும் புகைக்குப் போக்கிடம் இருக்காது. அழுத்தம் ஏறி, புதுப் பேக்கிங்கையும் மீறி ஆயிலை வெளியே தள்ளும். முதல் தடவையே வால்வைக் கழற்றி ஆட்டிப் பார்த்திருக்க வேண்டும். உள்ளே கடகடவென்று சத்தம் வராவிட்டால் மாற்ற வேண்டியதுதான். பார்க்காமல் விட்டது எங்கள் தவறு. இப்போது டேப்பட் கவர் திறக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் பார்க்கிறோம்.

"இன்னும் கொஞ்சம் டைட் வைங்க" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தச் சின்ன போல்ட்டுகளுக்குப் பெரும்பாலான வண்டிகளில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் (இறுக்கத்தின் அளவு) போதும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றாக டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குகிறோம். அதற்கு மேல் போனால் பேக்கிங் பிதுங்கும், பிளாஸ்டிக் கவர் விரிசல் விடும், கவர் உட்காரும் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். கசிவை அடைக்கும் பசையான சீலன்ட்டும் அப்படித்தான். டைமிங் கவர் (டைமிங் செயினை மூடும் பக்க மூடி) ஹெட்டோடு சேரும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு. சுற்றிலும் அப்பினால் உள்ளே பிதுங்கியது பிய்ந்து விழுந்து எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் வலையை அடைக்கும்.

ஸ்பார்க் பிளக் இருக்கும் குழியில் ஆயில் நின்றால், அந்தக் குழியைச் சுற்றியுள்ள பிளக் டியூப் சீலும் போயிருக்கிறது என்று அர்த்தம். அதை விட்டுவிட்டு வெளிப் பேக்கிங்கை மட்டும் மாற்றினால் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் கெட்டு, வண்டி விட்டுவிட்டு ஓடும் (மிஸ் அடிக்கும்).

தொப்பூர் கணவாய் ஏறி வந்த சூட்டோடு கவரைத் திறக்க முடியாது. எஞ்சின் ஆற வேண்டும், பழைய பிசினைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து கவரும் ஹெட்டும் ஒட்டும் இரண்டு முகத்தையும் துடைக்க வேண்டும், பூட்டிய பின் சீலன்ட் காய வேண்டும். அதனால் காலையில் விட்டால் மறுநாள் காலையில்தான் வண்டி கிடைக்கும். மூத்த மெக்கானிக் ஒருவர் விலகியதால் ஞாயிறு விடுமுறை. அடுத்த மாதம் முதல் இந்த வேலைக்குக் கூலி 200 ரூபாய் கூடுகிறது.

அந்தச் செய்தியைப் பார்த்த பிறகும் "நீங்களே பாருங்க" என்று சாவியைக் கொடுத்துப் போன காவேரிப்பட்டணம், பர்கூர் வாடிக்கையாளர்களுக்கு மனமார்ந்த நன்றி. மாங்காய் சீசனில் ஒரு நாள் வண்டி நின்றால் உங்களுக்கு எவ்வளவு நட்டம் என்று எங்களுக்குத் தெரியும்.

வண்டி எடுத்துப் போனதும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாயில்) ஒட்டியிருக்கும் பழைய ஆயில் ஓரிரு நாள் கருகி வாடை வரலாம், பயப்பட வேண்டாம். இரவில் எஞ்சினுக்குக் கீழே ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் புதுச் சொட்டு இருந்தால் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு பார்த்துவிட்டு, அட்டையோடு நேரே பட்டறைக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர், கிருஷ்ணகிரி