மாமாவின் மர்ஃபி

பாளையங்கோட்டை
டிசம்பர் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமல் வாசல்வரை நடந்துவிட்டதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. பயிற்சியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. எங்கள் பெரியண்ணன் வலிக்கிறது என்று பத்தே நாளில் நிறுத்திவிட்டு, இன்றைக்கும் காலை மடக்க முடியாமல் கஷ்டப்படுகிறார். உன் பேத்தி தமிழ்ப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியதை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பெங்களூரில் இருந்துகொண்டு அந்தப் பிள்ளை அவ்வளவு தமிழ் பேசுகிறது என்றால் அது நீ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது.

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. நடுவில் இரண்டு தடவை போனில் பேசினோம். இரண்டு தடவையும் சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. கால்வலியோடு படுத்திருக்கிறவனிடம் இதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இனியும் மறைத்தால் தப்பு. மாமாவின் மர்ஃபி ரேடியோ கீழே விழுந்து உடைந்துவிட்டது.

நவம்பர் முதல் வாரம் நடந்தது. நான்கு நாளாக விடாத மழை. மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம். முன்னறையில் அரிசி மூட்டையைத் தூக்கிப் போட்ட மாதிரி ஒரு சத்தம், கூடவே கண்ணாடி நொறுங்குகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், சுவரில் அடித்திருந்த மேல் பலகை ஆங்கிளோடு பெயர்ந்து, கீழ்ப் பலகையையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. நான்கு பெட்டிகள் தரையில் கிடந்தன. மர்ஃபி குப்புறக் கிடந்தது. எனக்கு அதைத் திருப்பிப் பார்க்கவே கை வரவில்லை. வீட்டுக்காரிதான் வந்து, "முதல்ல நீங்க செருப்பைப் போடுங்க, காலெல்லாம் கண்ணாடி" என்றாள்.

அந்த அறைச் சுவர் தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர். மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் கசிந்து உள்ளுக்குள்ளேயே ஊறியிருக்கிறது. ஸ்குரூ செங்கல்லைப் பிடிக்கவே இல்லை, வெறும் காரையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் நின்றிருக்கிறது. பலகை அடித்த ஆசாரி அப்போதே சொன்னார், சின்னப் பெட்டியாக வையுங்கள், கனத்ததைத் தரையில் வையுங்கள் என்று. நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். போன ஆடியில் மதுரையில் ஒரு டெலிஃபங்கன் கிடைத்தது. மேஜிக் ஐ உள்ள பெட்டி. ஸ்டேஷன் சரியாக விழுந்ததும் பச்சை ஒளி விரிந்து நடுவில் உள்ள நிழல் குறுகும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று அதை மேல் பலகையில் ஏற்றியது நான்தான். அதுதான் மாமாவின் பெட்டிமேல் விழுந்தது. மழையின் மேல் பழியைப் போட எனக்கு மனசு வரவில்லை.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெலிஃபங்கனுக்கு ஒரு மூலை நசுங்கியதோடு சரி. புஷ் பெட்டிக்கு இரண்டு திருகு போயிற்று. பிலிப்ஸ் பேக்கலைட் பெட்டிதான் ஏழு துண்டாகிவிட்டது. பேக்கலைட்டை ஒரு தடவை அச்சில் வார்த்து இறுக்கிவிட்டால் மறுபடி சூடாக்கி உருக்க முடியாது, வளைக்கவும் முடியாது. உடைந்தால் மண்சட்டி மாதிரிதான். அரால்டைட்டில் விளக்குக் கரியைக் குழைத்து ஒரு நாளைக்கு ஒரு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். தழும்பு தெரியும், ஆனால் நிற்கும். அவையெல்லாம் நான் காசு கொடுத்து வாங்கியவை. போனால் என் காசு, என் ஆசை. மர்ஃபி அப்படி இல்லை.

1998இல் தூத்துக்குடி வீட்டை விற்றபோது, நீ அதைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்து என் வீட்டில் இறக்கினாய். "நான் ஊர் ஊரா மாறுறவன், உங்கிட்ட இருக்கட்டும்" என்றாய். அன்றிலிருந்து அதை என் பெட்டி என்று யாரிடமும் சொன்னதில்லை. எத்தனை ரேடியோ வைத்திருக்கிறாய் என்று கேட்டால், என்னுடையது பத்து, எங்கள் மாமாவுடையது ஒன்று என்றுதான் சொல்வேன்.

சேதத்தைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். மரப்பெட்டியின் இடது பக்கம் மூட்டு விட்டு, மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு உள்ளங்கை அகலத்துக்கு உரிந்திருக்கிறது. ஸ்பீக்கர் காகிதம் இரண்டு அங்குலம் கிழிந்துவிட்டது. ஸ்டேஷன் பிடிக்கத் திருகும்போது ஒன்றுக்குள் ஒன்று போய்வருமே, அந்தத் தகடுக் கூட்டமான கேங்கில் இரண்டு தகடு வளைந்து ஒன்றோடொன்று உரசியது. பல்பு மாதிரிச் சூடாகி வேலைசெய்யும் கண்ணாடி வால்வுகளில் நான்கு பிழைத்துவிட்டன. இசிஎச் 81 மட்டும் போய்விட்டது. வெளியில் பார்த்தால் உடைந்ததே தெரியவில்லை. ஆனால் அதன் தலையில் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளிப் பூச்சு மாதிரி பளபளவென்று இருக்கும் இல்லையா, அது பால் போல வெளுத்திருந்தது. மயிரிழை விரிசல் வழியாகக் காற்று உள்ளே போய்விட்டால் அப்படி ஆகிவிடும். அந்த வெளுத்த வால்வைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் டயல் கண்ணாடி. நான்கு துண்டு.

அதில் அத்தை வைத்த சாந்துப் பொட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். டயலில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, மாமா ஆபீஸுக்குப் போனபின் அத்தையால் சிலோன் ரேடியோவை, அதுதான் இலங்கை வானொலியை, தேடிப் பிடிக்க முடியவில்லை. ஒருநாள் மாமா பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனதும், முள் நின்ற இடத்தில் சாந்துக் குச்சியால் ஒரு பொட்டு வைத்துவிட்டார்கள். அதன்பிறகு அடுப்படியிலிருந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, முள்ளைப் பொட்டுக்கு நேராக நிறுத்திவிட்டுப் போவார்கள். அரை நிமிஷம் வால்வு சூடாகி, முதலில் ஒரு உறுமல் வந்து, பின்னாலேயே 'பொங்கும் பூம்புனல்' பாட்டு நிகழ்ச்சி வரும். நாம் இரண்டு பேரும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினோம். சிலோன் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா மாதிரி மூச்சு விடாமல் பேசிப் பார்த்து நீ வாத்தியாரிடம் அடி வாங்கியதும், இன்னொரு அறிவிப்பாளர் அப்துல் ஹமீது ஒவ்வொரு எழுத்தையும் எப்படி நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார் பார் என்று மாமா நமக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்ததும் இப்போது எழுதும்போது ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. நடுவில் கடல் மட்டும்தான், மீடியம் வேவ் உப்புத்தண்ணீர் மேலே வலுக்குறையாமல் வரும், அதனால்தான் மெட்ராஸைவிடக் கொழும்பு தெளிவாக இருக்கிறது என்பார். பிற்பாடு நான் பாலிடெக்னிக்கில் படித்தபோது, அவர் சொன்னது அத்தனையும் சரி என்று தெரிந்தது.

1983 ஜூலைக் கடைசியை நினைத்துப் பார்க்கிறேன். நமக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மாமா தோணிச் சரக்கு ஆபீஸில் கணக்கு எழுதியவர், கொழும்பு புறக்கோட்டையில் அவருக்குப் பத்துப் பேரையாவது தெரியும். கலவரச் செய்தி வரத் தொடங்கியதும் ராத்திரி முள்ளைச் சிற்றலைக்குக் கொண்டுபோய், லண்டன் பிபிசி தமிழோசையைப் பெட்டியில் காது வைத்துக் கேட்டார். இரைச்சலுக்கு நடுவே ஒரு வார்த்தையையும் விட்டுவிடக் கூடாது என்று நம்மை மூச்சுவிடக்கூட விடவில்லை. வைத்த காப்பி ஆடை படிந்து அப்படியே இருந்தது. அதற்கப்புறம் அவர் முள்ளை அந்தப் பொட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை. அத்தையும் கேட்கவில்லை. நாற்பது நாள் கழித்து, குடும்பத்தோடு உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு கடிதம் வந்ததே, அன்று சாயங்காலம்தான் மாமா தன் கையாலேயே முள்ளைத் திருப்பிப் பொட்டில் நிறுத்தினார். பாட்டு வந்தது. என்ன பாட்டு என்று எனக்கு ஞாபகம் இல்லை. அத்தை வாசல்படியில் உட்கார்ந்து அழுதது ஞாபகம் இருக்கிறது.

அதனால்தான் இந்தக் கண்ணாடி விஷயத்தை இவ்வளவு விரித்து எழுதுகிறேன். டயல் எழுத்தெல்லாம் கண்ணாடியின் பின்பக்கம் அச்சிட்டது, ஈரத்துணி பட்டால் கையோடு வந்துவிடும். பொட்டு முன்பக்கம் இருக்கிறது. இத்தனை வருஷமும் உலர்ந்த பிரஷ்ஷால் பொட்டைச் சுற்றித்தான் தூசி தட்டினேன், பொட்டின் மேல் கை வைத்ததே இல்லை. விழுந்ததில் விரிசல் பொட்டுக்கு ஒரு நூல் மேலே ஓடியிருக்கிறது. பொட்டு ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, மீதி அப்படியே இருக்கிறது.

விழுந்த அதிர்ச்சியில் ஓடுகிறதா என்று பார்க்க உடனே பிளக்கைச் சொருகிவிடவில்லை, அதுமட்டும் நல்லதாயிற்று. வண்ணார்பேட்டையில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சி இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, கை மட்டும் நடுங்கவில்லை. அவரிடம் கொண்டுபோனேன். கேங் தகடுகளை ஒரு பழைய பிளேடை நடுவில் விட்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். ஸ்பீக்கர் கிழிசலுக்கு மெல்லிய டிஷ்யூ தாளைப் பசை தொட்டு இரண்டு பக்கமும் ஒட்டினார். வயதான கண்டென்சர்களை மாற்றினார். பரணில் இருந்த ஒரு அட்டைப்பெட்டியில் தேடி, உறைகூடப் பிரிக்காத இசிஎச் 81 ஒன்றை எடுத்து வந்தார். அதன் விலையை அவர் சொல்லவே இல்லை, நான்தான் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

பிறகு நூறு வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டு சுவிட்சைத் தட்டினார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் அந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும். எங்கள் இரண்டு பேர் கண்ணும் பல்பிலேயே இருந்தது. பளிச்சென்று எரிந்து, மெதுவாக மங்கிச் சிவந்து நின்றது. "உசுரு இருக்கு சார்" என்றார் அண்ணாச்சி. பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்ததும் அதே உறுமல், மாப்ளே. அதே உறுமல். திருநெல்வேலி வானொலி வந்தது. விவசாயம் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

இன்னொன்று. பின் அட்டையைக் கழற்றியபோது உள்ளே ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இருந்தது. வருஷா வருஷம் ஒட்டிய வில்லைகளோடு, ஒரு தாள்கூடக் கிழியாமல். ரேடியோ வைத்திருக்க அப்போது வருஷக் கட்டணம் கட்ட வேண்டும் என்று மாமா பதினைந்து ரூபாயைக் கையில் கொடுத்து நம் இரண்டு பேரையும் போஸ்ட் ஆபீஸுக்கு அனுப்புவாரே, அந்தப் புத்தகம்தான். கடைசிப் பக்கத்தில் மாமா கையெழுத்தில் உன் எஸ்.எஸ்.எல்.சி. நம்பர் குறித்து வைத்திருக்கிறார். ரிசல்ட் வந்த அன்று பேப்பரில் பார்ப்பதற்காக எழுதியிருக்க வேண்டும். அதைத் தபாலில் தனியாக அனுப்புகிறேன். அது உன்னிடம்தான் இருக்க வேண்டும்.

இப்போது நீ ஒரு முடிவு சொல்ல வேண்டும். அண்ணாச்சியிடம் ஓடாத மர்ஃபி ஒன்று கிடக்கிறது, அதே மாடல், டயல் கண்ணாடி கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. அதை எடுத்து மாட்டினால் பெட்டி பார்க்கப் புதிதுபோல ஆகிவிடும் என்கிறார். இல்லையென்றால் பழைய நான்கு துண்டையும் ஒட்டி, பின்னால் மெல்லிய அக்ரிலிக் தகடு கொடுத்துப் பொருத்தலாம். விரிசல் மூன்று கோடாகத் தெரியும், பொட்டு இருக்கும். என் மனசு பழையதைத்தான் சொல்கிறது. ஆனால் உடைத்தவன் நான், அதை முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லை. உன் மகனிடமும் கேட்டுக்கொள். அவனும் பால்குடி வயதில் அந்தப் பெட்டிக்கு முன்னால் தவழ்ந்தவன்தான்.

பெட்டி இப்போது தரையோடு, சுவரில் படாமல், தாத்தாவின் மரப்பெஞ்சில் இருக்கிறது. பலகை எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். குழாயையும் மாற்றியாயிற்று. கண்ணாடித் துண்டுகளைப் பஞ்சு வைத்து எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி பீரோவில் வைத்திருக்கிறேன். உன் பதில் வரும்வரை அண்ணாச்சியைக் கண்ணாடிப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கோபம் இருந்தால் அதையும் எழுது. தை பிறந்து கால் சரியானதும் நீ வர முடிந்தால் ரொம்ப சந்தோஷம். பெட்டியை உன்னோடு எடுத்துப்போவதாக இருந்தாலும் சரி, நானே காரில் மடியில் வைத்துக் கொண்டுவந்து தருகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்
மச்சான்