புத்தக எண்ணிக்கையை வைத்து வேத மென்பொருளை அளக்க வேண்டாம்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியர் அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

வேத ஆராய்ச்சி மென்பொருள்களை ஒப்பிட்டு சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை எங்கள் உபதேசியார் பயிற்சி வகுப்பில் எல்லோரும் சேர்ந்து வாசித்தோம். தமிழில் இப்படியொரு கட்டுரை வருவதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் எதில் எத்தனை ஆயிரம் புத்தகங்கள் இருக்கின்றன என்பதையே கட்டுரையாளர் அளவுகோலாக வைத்துவிட்டார். அந்தக் கணக்கில் விலை கொடுத்து வாங்க வேண்டிய லோகோஸ் என்ற மென்பொருள் முதலிடத்துக்கு வந்துவிட்டது. கையில் பணம் இல்லாதவர்கள் தவணையில் வாங்கலாம் என்ற யோசனையும் கூடவே வந்திருக்கிறது. சபை கொடுக்கும் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற ஒருவர் இதை நம்பிக் கடனில் இறங்கிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

அந்த ஆயிரக்கணக்கான புத்தகங்கள் அநேகமாக எல்லாமே ஆங்கிலம். ஞாயிறு பிரசங்கத்துக்குச் சனிக்கிழமை இரவு உட்காருகிற உபதேசியாருக்கு முதல் தேவை, தமிழ் வேதாகமத்தில் தேடுகிற வசனம் கிடைப்பது. கட்டுரை இதைத் தொடவே இல்லை.

‘விசுவாசம்’ என்று அடித்துத் தேடிப் பாருங்கள். எபிரெயர் 11ஆம் அதிகாரத்தின் முதல் வசனமே வராமல் போகலாம். அது ‘விசுவாசமானது’ என்று தொடங்குகிறது. ‘விசுவாசத்தினாலே ஆபேல்’ என்று தொடங்கும் வசனமும் அப்படியே தப்பிவிடும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் நிரலுக்கு நம் வேற்றுமை உருபுகள் தெரியாது. கணினிக்குள் ‘ம்’ என்பது மகரமும் புள்ளியும், ‘மா’ என்பது மகரமும் துணைக்காலும். இரண்டும் அதற்கு வேறு வேறு. கடைசி எழுத்தை விட்டுவிட்டு ‘விசுவாச’ என்று மட்டும் கொடுத்து, முழுச்சொல் தேடலையும் நிறுத்திவிட்டால் எல்லா வசனங்களும் வரும். விசுவாசிகளும் கூடவே வருவார்கள், பரவாயில்லை, தள்ளிவிட்டுப் படிக்கலாம். ‘தேவன்’ என்பதில் புள்ளியை எடுத்துவிட்டு ‘தேவன’ என்று தேடினால் தேவனுடைய, தேவனுக்கு, தேவனால் எல்லாம் அகப்படும். இதைச் செய்ய ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. கணினியில் தி வேர்ட், ஆண்ட்ராய்டு போனில் மைசுவோர்ட், இரண்டும் இலவசம், இரண்டிலும் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை ஏற்றிக்கொள்ளலாம். ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாத ஊரிலும் ஓடும்.

கிரேக்கம் படிக்காதவர் மூலமொழியை எட்டிப் பார்க்கவும் வழி இருக்கிறது. எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டி, மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கிற நூல், 1890இல் வெளிவந்த ஸ்ட்ராங் ஒத்துவாக்கிய அகராதி. அதன் எண்கள் கோக்கப்பட்ட கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமம் இந்த இலவச நிரல்களில் உண்டு. 4102 என்ற கிரேக்க எண்ணைத் தேடினால் விசுவாசத்தைக் குறிக்கும் ‘பிஸ்டிஸ்’ என்ற கிரேக்கச் சொல் வரும் இடங்களெல்லாம் வரிசையாக நிற்கும். பக்கத்துப் பத்தியில் தமிழைத் திறந்து வைத்தால் ஒவ்வொரு வசனமாக ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். விண்டோஸில் 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் இ-சுவோர்டும் இதைச் செய்யும். ஆனால் என் தேர்வு, கேம்பிரிட்ஜ் டின்டேல் ஹவுஸ் ஆய்வாளர்கள் உருவாக்கிய ஸ்டெப் பைபிள்தான். ஒரு சொல்லின்மேல் சுட்டியை வைத்தாலே அதன் மூலச்சொல்லும் பொருளும் வந்துவிடும். அதையும் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். யூவெர்ஷன் என்ற வேதாகமச் செயலியை நம் சபையில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். தினசரி வாசிப்புக்கு அருமையானது, ஆராய்ச்சிக்கு அது போதாது.

காசு கொடுத்து வாங்குவதே வீண் என்று நான் சொல்லவில்லை. ஸ்ட்ராங் எண் ஒரு வினைச்சொல்லின் எல்லா வடிவங்களையும் ஒன்றாகக் கொட்டிவிடும். அதில் கட்டளை வடிவங்களை மட்டும் பிரித்துக் கேட்கவும், கையெழுத்துப் பிரதிகளின் பாட வேறுபாடுகளைப் பார்க்கவும் லோகோஸும், அதைப் போலவே விலைக்குக் கிடைக்கும் அக்கார்டன்ஸும் வலுவானவை. இலவச நிரல்களில் வருகிற விளக்கவுரையை எழுதிய மேத்யூ ஹென்றி 1714இல் மறைந்தவர். தேயரின் கிரேக்க அகராதியும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியது. அதற்குப் பின் கிடைத்த பாப்பிரஸ் என்ற பழங்கால நாணல் தாள் ஆதாரங்களையெல்லாம் சேர்த்துக்கொண்ட புதிய அகராதிகள் விலை கொடுத்தால்தான் கிடைக்கும். கிரேக்கமும் எபிரெயமும் கற்றுக்கொடுக்கிற இறையியல் கல்லூரி ஆசிரியருக்கு அந்தச் செலவு நியாயமானது. கல்லூரி நூலகமே வாங்கி மாணவர்களுக்குத் திறந்துவிட்டால் இன்னும் நல்லது.

விலை கொடுப்பவர்கள் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். மூலமொழித் தேடலில் பேர்பெற்றிருந்த பைபிள்வொர்க்ஸ் நிறுவனம் 2018 ஜூனில் மூடப்பட்டது. ஏற்கெனவே கணினியில் நிறுவியிருந்தவர்கள் அதை வைத்து ஓட்டினார்கள், புதிய பதிப்பு இனி இல்லை. வேர்ட்சர்ச் என்ற இன்னொரு வேத மென்பொருள் 2020இல் லோகோஸ் கைக்குப் போனது. வாடிக்கையாளர்களின் புத்தகங்கள் அங்கே மாற்றித் தரப்பட்டன, பழகிய நிரல் போய்விட்டது. லோகோஸும் 2024இல் சந்தா முறைக்கு மாறியது. வாங்கிய புத்தகங்கள் வாங்கியவருடையவைதான், ஆனால் புதிய வசதிகள் வேண்டுமென்றால் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டாலரில் வருகிற கட்டணத்தை ஒரு கிராமத்து உபதேசியார் எத்தனை வருஷம் தாங்குவார்? இலவச நிரல்களிலும் இந்தப் பயம் இல்லாமல் இல்லை. இ-சுவோர்ட், ரிக் மேயர்ஸ் என்ற தனிமனிதரின் உழைப்பு. அந்த வகையில் கிராஸ்வயர் அமைப்பின் சுவோர்ட் திட்டமும் அதன்மேல் எழுந்த ஆண்ட் பைபிளும் மேலானவை. நிரலின் மூலமே திறந்து கிடப்பதால் ஒருவர் விட்டாலும் இன்னொருவர் எடுத்து நடத்த முடியும்.

தாங்கள் அடுத்த முறை இப்படியொரு ஒப்பீடு வெளியிடும்போது மூன்று விவரங்களையாவது சேர்த்துத் தர வேண்டுகிறேன்: தமிழ்த் தேடல் எப்படி, நெட் இல்லாமல் ஓடுமா, பணம் கட்டுவதை நிறுத்தினால் கையில் என்ன மிஞ்சும். தமிழ் விளக்கவுரைகளை அச்சிட்டு வைத்திருக்கும் நம் பதிப்பகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அச்சில் தீர்ந்துபோன பழைய நூல்களையாவது யூனிகோடில் ஏற்றி, இந்த இலவச நிரல்களில் சேர்த்துக்கொள்ளும்படி வெளியிடுங்கள். தட்டச்சு செய்யவும் பிழை திருத்தவும் எங்கள் வகுப்பில் ஆட்கள் இருக்கிறார்கள். தங்கள் அலுவலகம் மூலம் கேட்டால் வந்து செய்யத் தயார்.

இப்படிக்கு,
உபதேசியார் பயிற்சி வகுப்பு ஆசிரியர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்