தாங்கி புதைக்குமுன் கிணற்றைப் பாருங்கள்

வன்னியின் பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஏ9 வீதியோரம் எரிபொருள் நிரப்பு நிலையங்கள் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாங்கள். பெற்றோலின் அருமை தெரியும். என் கவலை, அவற்றின் பெற்றோல் தாங்கிகள் புதைபடும் நிலத்துக்கு அருகிலுள்ள கிணறுகளைப் பற்றியது.

சென்ற மாரிக்குப் பின் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கிணற்றில் அள்ளிய தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. எண்ணெய்ப் படலம் துளியும் இல்லை. ஒரு மிடறு குடித்த அம்மா உடனே துப்பிவிட்டார். டர்பன்டைன் வாடை. காரணத்தை இன்றுவரை எவரும் சோதித்துச் சொல்லவில்லை.

அன்றிலிருந்துதான் எம்.டி.பி.ஈ. என்ற பெற்றோல் சேர்க்கையைப் பற்றித் தேடிப் படித்தேன். ஈயத்துக்குப் பதிலாக, ஒக்டேன் அளவை (இயந்திரத்தில் தட்டாமல் எரியும் தன்மையை) உயர்த்த, 1979 முதல் அமெரிக்காவில் கலந்தார்கள். பெற்றோலின் மற்றப் பகுதிகள் பெரும்பாலும் மண்ணில் ஒட்டி நிற்கும். இதுவோ தண்ணீரில் எளிதில் கரைந்து, நிலத்தடி நீரோடு நெடுந்தூரம் போகும். இலகுவில் சிதையாது. லீற்றருக்கு 20 முதல் 40 மைக்ரோகிராம் இருந்தாலே நாக்கும் மூக்கும் அதன் டர்பன்டைன் போன்ற வாடையைக் கண்டுபிடித்துவிடும். கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் 1996இல் தன் குடிநீர்க் கிணறுகளில் பெரும்பகுதியை இதனால் மூட நேர்ந்தது.

அங்கே முதற்குற்றவாளி, கசிந்த நிலத்தடித் தாங்கிகளும் அவற்றின் குழாய் இணைப்புகளும். பவுசரிலிருந்து இறக்கும்போது சிந்துவதும் சேரும். நம் பங்கும் உண்டு: நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் கிணற்றுக் கட்டில் வைத்தே பெற்றோல் ஊற்றுகிறோம், மிச்சத்தை அங்கேயே கவிழ்க்கிறோம். இதை நாங்கள் திருத்திக்கொள்வோம். தாங்கியை எங்களால் தோண்டிப் பார்க்க முடியாது.

ஆகவே கேட்கிறேன். புதிய நிலையத்தின் கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுக்குமுன் சுற்றியுள்ள கிணறுகளின் நீரைச் சோதித்து, அளவைப் பதிவு செய்யுங்கள். பிறகு கசிந்தால் ஒப்பிட வேறு சான்று இராது. பழைய நிலையங்களில் தாங்கி எந்த ஆண்டு புதைக்கப்பட்டது, கடைசியாக எப்போது கசிவுச் சோதனை நடந்தது என்பதை வாசலில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வரும் பெற்றோலில் என்ன சேர்க்கை கலந்திருக்கிறது என்பதையும் கேட்டு வெளியிடுங்கள்.

எங்கள் ஒழுங்கைக் கிணறுகளின் பட்டியலை ஆழத்தோடு நாங்களே எழுதித் தருகிறோம். அடுத்த மாரி தொடங்குமுன் ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு கிணற்றுக்காரன்