பயிற்சியாளர் தனியாக வருவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கால்பந்து அணிக்குப் புதுப் பயிற்சியாளர் வந்தால் அவர் படத்தைப் பெரிதாகப் போடுகிறீர்கள்; கூட வருகிறவர்களைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இல்லை. 2015 அக்டோபரில் யுர்கன் குளோப் இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்குப் பயிற்சியாளராக வந்தபோது, ஜெர்மனியின் மைன்ஸ் அணிக் காலத்திலிருந்தே உடனிருந்த செல்கோ புவாச், பீட்டர் கிராவியெட்ஸ் இருவரையும் கையோடு அழைத்து வந்தார். புவாச் தன் 'மூளை', கிராவியெட்ஸ் 'கண்' என்பார். ஆனால் கோல்கீப்பர் பயிற்சியாளர் ஜான் ஆக்டர்பெர்க்கை மாற்றவில்லை. ஏற்கெனவே அங்கிருந்த பயிற்சியாளர் பெப் லைன்டர்ஸையும் சேர்த்துக்கொண்டார். வீட்டு நிலவரம் அறிந்தவர்களும் வேண்டுமல்லவா?

2018-இல் புவாச் விலகியதும், மூளையே போய்விட்டதே என்று ரசிகர்கள் கையைப் பிசைந்தோம். இடையில் நெதர்லாந்து போயிருந்த லைன்டர்ஸ் துணைப் பயிற்சியாளராகத் திரும்பினார். அதே ஆண்டு, ஓரக்கோட்டிலிருந்து பந்தெறியப் பழக்குவதற்கென்றே தாமஸ் குரோன்னமார்க்கைக் குளோப் நியமித்தார். சிரித்தவர்கள் உண்டு (நானும்தான்). 2019-இல் ஐரோப்பிய அணிகளின் சாம்பியன்ஸ் லீக் கோப்பையும், 2020-இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கோப்பையும் லிவர்பூலுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

அடுத்த நியமனச் செய்தியில் துணைப் பயிற்சியாளர்களுக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள், ஐயா.

— கால்பந்து வாசகன்